சரிபார்த்தவர்: அற்புதராஜ்

என் வீட்டுக்காரர் அற்புதராஜைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கத்தரிக்காயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓசூரில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும், இவருக்கு அரை மணி நேரம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காம்பைத் திருப்பிப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரிப்பார். எடுக்கலாம், எடுக்கக் கூடாது, யோசிக்கணும். மூன்றாவது குவியல் உயர உயர, காய்கறிக்கார நாராயணம்மா தெலுங்கில் முணுமுணுக்க ஆரம்பிப்பாள். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். அதை இங்கே எழுத முடியாது.

சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செய்த சாமானில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறார். கடைசிப் பதினோரு வருடமும் நைட் ஷிப்ட். மேனேஜர் தொல்லை இல்லை என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. ராத்திரி ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் காலை ஏழே முக்காலுக்கு வந்து இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாவது வீட்டில் இருப்பாரா என்றால், அதுவும் கிடையாது. வேப்பனப்பள்ளியில் முக்கால் ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே மோட்டாருக்குக் கரண்ட் ராத்திரியில்தான் வரும். தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிடுவார்.

ஆக, எங்கள் வீட்டு ராத்திரி எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. பகல் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், எட்டரைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். வீடு பாகலூர் ரோட்டில் மேல் மாடி. பகலெல்லாம் மொட்டை மாடி வெயிலைக் குடித்துக் கீழே இறக்கும். அவர் நெஞ்சில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டு கிடப்பார். ராத்திரி ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக வந்து என் முட்டியைப் பிடிக்கும். நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம், கடைசிப் பதினோரு வருடமாக வேறு வேறு நேரத்தில்.

போன ஜூலையில் பெங்களூரிலிருந்து எங்கள் ஒரே மகள் ரெனிட்டா போன் செய்தாள். மூன்று மாதமாம். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தலைப்பிரசவம், இங்கேதான் வர வேண்டும், ஜனவரி நடுவில் தேதி, மூன்று மாதம் பிள்ளையும் பேரப்பிள்ளையும் என் வீட்டில். நான் மனசுக்குள் தொட்டிலே கட்டிவிட்டேன். மறுநாள் சம்பந்தி நிர்மலா கூப்பிட்டார்.

"ஜெபசீலி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீடு மேல் மாடி. பகல்ல அடுப்பு, ராத்திரி ஃபிரிட்ஜு. ஜனவரி குளிர்ல பச்சக் கொழந்தைய எப்பிடி அங்க வெக்கிறது? இங்க ரெண்டு ரூம்லயும் ஹாட் அண்ட் கோல்டு ஏசி இருக்கு. பிரசவம் இங்கயே ஆகட்டும். நீங்க வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க."

பாத்துட்டுப் போகணுமாம்! பெற்ற பெண்ணை, ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்க்கிற மாதிரி!

"நாங்களும் அதே மெஷின் போடறோம் சம்பந்திம்மா. டிசம்பருக்குள்ள போட்டிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பிடின்னா டிசம்பர்ல நானே வந்து ஒரு ராத்திரி தங்கிப் பாக்கறேன்" என்று அவர் சிரித்தார். சிரித்தாரே ஒழிய, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விஷயத்தை இவரிடம் சொன்னதும் ஈரத்துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"போடலாம் ஜெபா. ஆனா முறையா செலக்ட் பண்ணணும்."

அந்த 'முறையா' என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் பகீர் என்றது. மிக்ஸி வாங்க இவருக்கு நான்கு மாதம் ஆனது. நான்கு மாதமும் அட்டவணை போட்டு, கடைசியில் நான் முதல் நாள் கை காட்டிய மிக்ஸியையே வாங்கினார்.

கடைக்குப் போனோம். மணிவேல் என்ற விற்பனைப் பையன், நல்ல பிள்ளை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்: "மேடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கைய வெச்சுப் பாத்திருக்கீங்களா? சூடா இருக்கும்ல? உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய விடுது. வெயில் காலத்துல ஏசியும் அதத்தான் பண்ணும். இந்த ஹாட் அண்ட் கோல்டுல, குளிர் காலத்துல அப்படியே திருப்பிப் போட்டுக்கலாம். வெளிய இருக்கற சூட்ட எடுத்து ரூமுக்குள்ள விடும். கம்பி ஹீட்டர விட கரண்டு மூணுல ஒரு பங்கு தான் ஆகும்."

"வெளிய தான் குளிரா இருக்குதே, அதுல ஏது சூடு?" என்று கேட்டேன்.

"நமக்குத் தான் மேடம் குளிரு. மெஷினுக்கு அதுலயும் சூடு கெடைக்கும்."

எனக்கு அதோடு திருப்தி. இதையே போட்டுவிடலாம் என்று கை காட்டினேன். இவர் பாக்கெட்டிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். செப்புக் குழாயின் கனத்தை நான்கு இடத்தில் அளந்தார். ஸ்டார் எதற்கு, குளிருக்கா சூட்டுக்கா என்று கேட்டார். குளிர்ச்சிக்குத்தான் சார் ஸ்டார் என்று மணிவேல் சொன்னதும், அப்போது சூட்டுக்கு யார் சார் பொறுப்பு என்று கேட்டார். மணிவேல் தண்ணீர் குடிக்கப் போனான். அதற்கடுத்த வாரங்களில் நாங்கள் படியேறும்போதே அவனுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

"கடைக்காரன் சொல்றத வெச்சு முடிவு பண்ணக் கூடாது. நம்ம ரூம் என்னா சொல்லுதுன்னு பாக்கணும்" என்றார் இவர். படுக்கையறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார். பக்கத்தில் கம்பெனி பாணியில் கட்டம் போட்ட தாள். தேதி, நேரம், டிகிரி. தாளின் ஓரத்தில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். பகல் பத்து, ஒன்று, நான்கு மணிக்கு அவர் எழுதுவார், அதற்கு அலாரம் வைத்துக்கொண்டார். ராத்திரி பத்து, இரண்டு, ஐந்து மணிக்கு நான் எழுத வேண்டும்.

"ரெண்டு மணிக்கா? நான் என்னா வாட்ச்மேனா?"

"டேட்டா இல்லாம மெஷின் வாங்க முடியாது ஜெபா."

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தேன். இருபத்தாறு. எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணிக்கு நான் எழவில்லை. காலையில் எழுந்து, இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இருபத்தாறு என்று போட்டேன். மறுநாளும் அதே. இந்தத் தாள் அவருடைய வழக்கமான கிறுக்கு, எப்படியும் கடைசியில் நான் கை காட்டினதைத்தானே வாங்கப் போகிறார் என்று இருந்தேன். ஆகஸ்டு போய் செப்டம்பர் வந்தது, மழை வந்தது, கம்பளி வெளியே வந்தது. தாளில் இருபத்தாறு. எல்லாமே ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று வியாழக்கிழமைகளில் மட்டும் இருபத்தைந்து போட்டேன். ஏன் வியாழக்கிழமை என்றால், அதற்கு ஒரு காரணமும் இல்லை.

தினமும் காலையில் அவர் பையை வைத்ததும் நேராகத் தாளிடம் போவார். பேனாவை எடுத்துச் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடுவார்.

அக்டோபர் கடைசியில் கிராஃப் போட்டார். கூடத்துச் சுவரில் அதை ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஜெபா, இங்க ஒரு முக்கியமான விஷயம் பாரு. வாராவாரம் வியாழக்கிழமை ராத்திரி ஒரு டிகிரி கொறையுது."

நான் துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தேன்.

"மூணு நாளா யோசிச்சேன். அப்புறம் தான் புடிபட்டுது. வியாழக்கிழமை நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம். பதினஞ்சு பேரு வந்து போறாங்க, கதவு தெறந்தே இருக்குது, வெளிக்காத்து உள்ள வருது. பாரு, ரூம் எவ்வளவு கரெக்டா சொல்லுது!"

அந்தச் சந்தோஷத்தை ரெனிட்டாவுக்கு வேறு போன் போட்டுச் சொன்னார். அதற்கப்புறம் தீர்ப்பைச் சொன்னார்: பகலில் முப்பத்து நான்கு வரைக்கும் போகிறது, ராத்திரி இருபத்தாறுக்குக் கீழே வருவதே இல்லை. எனவே சூடு தேவையில்லை. கூலிங் மட்டும் உள்ள ஐந்து ஸ்டார் மெஷின் போதும். தேவையில்லாத வசதியை வாங்குவது தவறு.

"ஏங்க, ராத்திரி குளுருதுங்க!" என்றேன்.

"நீ தான எழுதியிருக்கற, இருபத்தாறுன்னு. ஒனக்கு ரத்த சோகையா இருக்கும், டாக்டர பாக்கலாம்."

"இல்லீங்க, அந்த ரீடிங்கு… சரியா இருக்காதுன்னு நெனைக்கறேன்."

"தெர்மாமீட்டர் காலிபரேஷன் பண்ணி அளவு சரி பாத்தது. தப்பே வராது."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே அந்த கிராஃப், அதில் வியாழக்கிழமைகளுக்கு மட்டும் சிவப்புப் பேனாவில் வட்டம். வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா?

நவம்பர் நடுவில் மெஷின் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று கீழ் வீட்டில் சொன்னார்கள். பாவம், அந்தத் தூக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நான் என் பங்குக்குத் தடிமனான கம்பளி நான்கும், வெந்நீர்ப் பை இரண்டும் வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்தேன். தாளில் எழுதுவதை மட்டும் விடவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாரே.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, சொன்னபடியே நிர்மலா வந்தார், ஏழு மாதம் தாண்டிய ரெனிட்டாவோடு. வந்ததும் மெஷினை அண்ணாந்து பார்த்து, "ம், போட்டுட்டீங்களே" என்றார். ஒரு புன்னகையும் இருந்தது. இவர் அன்று ராத்திரி லீவு போட்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் படுக்கையறை, எங்களுக்குக் கூடத்தில் பாய். தம்பளரில் வெந்நீர் வைக்க உள்ளே போனபோது, பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து அன்றைய கட்டங்களை நிரப்பிவிட்டு வந்து படுத்தேன்.

விடியற்காலை பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். பக்கத்தில் இவர் இல்லை. படுக்கையறையில் விளக்கு எரிந்தது. எழுந்து ஓடினேன். அங்கே நிர்மலா நின்றிருந்தார். தலையில் இவருடைய மாந்தோப்புக் குரங்குக் குல்லாய், நைட்டிக்கு மேல் இவருடைய கம்பெனி ஜாக்கெட், கையில் ஏசி ரிமோட்.

"முப்பது வெச்சேன், முப்பது! இன்னும் குளிர் காத்து தான் வருது. இதுக்கு மேல நம்பரும் போகல. எங்க வீட்டுல இருபத்தஞ்சு வெச்சாலே வெதுவெதுன்னு இருக்கும்!"

"அது கூலிங் மட்டும் தான் ஆன்ட்டி" என்றாள் ரெனிட்டா, என்னுடைய ரகசியக் கம்பளி நான்குக்கும் அடியிலிருந்து.

இவர் லுங்கியும் பனியனுமாகத் தெர்மாமீட்டர் முன்னால் நின்றிருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் பதினாறு. பக்கத்துத் தாளில் பத்து மணிக்கு இருபத்தாறு, இரண்டு மணிக்கு இருபத்தாறு, ஐந்து மணிக்கு இருபத்தாறு. அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"அஞ்சு மணி ரீடிங்கு அதுக்குள்ள வந்திருச்சு" என்றார் மெதுவாக.

நிர்மலா கிட்டே வந்து தாளைப் பார்த்தார். மேலே இருந்து கீழே வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். "எல்லாம் இருபத்தாறு. டிசம்பர்ல! யாரு எழுதுனது இத?"

மகள் போச்சு, பேரப்பிள்ளை போச்சு, ஆரஞ்சுப் பழம்தான் என்று நினைத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"சரிபார்த்தவர்னு என் கையெழுத்து தான் இருக்குது சம்பந்தி. எங்க கம்பெனில எழுதுனவங்கள யாரும் கேக்க மாட்டாங்க. செக் பண்ணிக் கையெழுத்து போட்டவனத் தான் கேப்பாங்க. தப்பு என்னுது."

நூறு பேர் சாமானைத் திருப்பி அனுப்பிய மனுஷன், குல்லாய் போட்ட சம்பந்தி முன்னால் பனியனோடு நின்று தப்பு என்னுது என்கிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவரு இல்ல சம்பந்திம்மா! நான் தான். ஆகஸ்டுலருந்து நான் தான் எழுதறேன். ஒரு நாள் கூட எந்திரிச்சுப் பாக்கல. எல்லாம் பொய்யி!"

கம்பளிக்குள்ளிருந்து ரெனிட்டா கேட்டாள்: "ம்மா… அப்போ அந்த வியாழக்கிழம?"

"அதுவும் நான் தான்டி."

அப்போதுதான் இவர் முகம் வாடியது. மெஷின் தப்பானதைத் தாங்கிக்கொண்டார், வியாழக்கிழமையைத் தாங்கவில்லை. ரெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிர்மலா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். ஆனால் குல்லாய் ஆடியது.

"அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் டைமு" என்றார் கடைசியில். "சூடு வர்ற மெஷின போடுங்க. போட்டுட்டா பொண்ண நானே கொண்டு வந்து விடறேன். தப்ப ஒத்துக்கறதுக்கு ரெண்டு பேரு போட்டி போடற வீடு, கொழந்தைக்கு ஆகாதுன்னு சொல்ல முடியாது." ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே போனார்.

அவர்கள் போனதும் நான்தான் சண்டையை ஆரம்பித்தேன். குற்றம் என் மேல் இருந்தால் எனக்குக் குரல் ஒரு படி ஏறும்.

"கத்திரிக்காய அர மணி நேரம் பாக்கறீங்க! குழாய மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கறீங்க! நாலு மாசமா இந்தத் தாள ஒரு நாளாச்சும் செக் பண்ணீங்களா? பாக்காமயே கையெழுத்து போடுவீங்களா?"

அவர் தாளை ஆணியிலிருந்து கழற்றி நான்காக மடித்தார்.

"நீ எழுதுனது தானன்னு போட்டேன்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே கடைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் மணிவேலின் கை சாப்பாட்டுப் பையைத் தேடியது. இவர் ஹாட் அண்ட் கோல்டைக் காட்டி, "இது தான். எப்ப வந்து மாட்டுவீங்க?" என்றார். மொத்தம் பதினோரு நிமிடம். மைக்ரோமீட்டர் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. மணிவேல் என்னிடம் ரகசியமாக, "மேடம், சாருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பழைய மெஷின் கூடத்துக்கு மாறியது. இவர் தன் பகல் தூக்கத்தையும் அங்கே மாற்றிக்கொண்டார்.

நிர்மலா சொன்ன சொல் தவறவில்லை. ரெனிட்டா வந்தாள். ஜனவரி பதினாறாம் தேதி இங்கே ஓசூரிலேயே பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கையில் வாங்கியதும் இவர் ஜன்னல் பக்கம் போய், குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காலைத் திருப்பிப் பார்த்தார். "என்னங்க, எடுக்கலாமா, இல்ல யோசிக்கணுமா?" என்று கேட்டேன். "சும்மா இருடி" என்றார். குரல் உடைந்திருந்தது.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. "கொழந்த ரூமு, அதான். நீ எழுதணும்னு இல்ல" என்றார். எழுதும்படி அவர் கேட்கவே இல்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனால் என் பேத்திக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ராத்திரி பத்துக்கு அழுவாள், இரண்டுக்கு அழுவாள், ஐந்துக்கு அழுவாள். கம்பெனி சைரன் கூட அவ்வளவு கரெக்டாக ஊதாது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், எழுதுவேன். இருபத்து நான்கு. மறுநாளும் இருபத்து நான்கு. அந்த மெஷின் வைத்த இடத்தை விட்டு அரை டிகிரி அசையாது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே இருபத்து நான்கு. ஓரத்து 'சரிபார்த்தவர்' கட்டத்தை மட்டும் அவர் தொடவில்லை.

ஏழாம் நாள் ஐந்து மணிக்கு எழுதிவிட்டுத் தாளை மொத்தமாகப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை இருபத்தொரு கட்டமும் இருபத்து நான்கு. தூக்கம் கெட்டு, கண் எரிந்து, ஒவ்வொன்றையும் பார்த்து எழுதியது. பார்த்தால் பச்சைப் பொய் மாதிரி இருக்கிறது. வியாழக்கிழமையையாவது இருபத்து மூன்று ஆக்கிவிடலாமா என்று பேனா வரைக்கும் கை போனது. சீ, வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஏழே முக்காலுக்கு அவர் வந்தார். பையைக் கூட இறக்காமல் தாள் முன்னால் நின்றார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாமே இருபத்து நாலா இருக்குது" என்றார்.

"ஆமா, இருக்குது!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வியாழக்கிழமயும் இருபத்து நாலு தான். நம்பலைன்னா இன்னைக்கு லீவு போட்டுட்டு நீங்களே ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாருங்க. தெர்மாமீட்டர் பக்கத்துல தான மாட்டியிருக்குது, இப்பவே பாருங்க!"

அவர் தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, ஏழு நாளாகக் காலியாகக் கிடந்த 'சரிபார்த்தவர்' கட்டங்களில் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார்.